தானா சாத்திக்கிற கதவு

போன ஐப்பசியில அம்மாவோட மோதிர விரல் கதவிடுக்குல மாட்டிக்கிச்சு. யாரும் சாத்தலை, காத்தும் இல்லை. பழைய ஓட்டு வீட்டை ஒட்டி நான் கட்டின கான்கிரீட் ரூம் கதவு, தானா வந்து சாத்திக்கிட்டது. நகம் போச்சு. அம்மா படுக்கையைச் சுருட்டிக்கிட்டு பழைய வீட்டுக்கே போயிட்டாங்க. "அம்பது வருசமா இந்தக் கதவைத் தொறந்து மூடுறேன், ஒருநாளும் கடிக்கலை"ன்னாங்க.

அந்தப் பேச்சுதான் என்னைப் பழைய கதவுகிட்ட உட்கார வைத்தது.

அதில் கீலே கிடையாது. பலகையின் ஓரத்தில் மேலேயும் கீழேயும் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். குடுமி என்று பேர். மேல்குடுமி நிலையின் மேல்கட்டைத் துளைக்குள்ளும், கீழ்க்குடுமி கல்லில் தோண்டிய குழிக்குள்ளும் நிற்கும். பழைய கோயில்களுக்குப் போனால் வாசற்படிக் கல்லின் மூலையைப் பாருங்கள், வட்டமாக ஒரு குழி தெரியும். குடுமி நின்று சுழன்ற இடம்.

இது நம்ம ஊர் வித்தை மட்டும் இல்லைங்க. இன்றைய ஈராக்கின் தெற்கில், சுமார் 4100 வருசத்துக்கு முன்னால் லகாஷ் நகரை ஆண்ட குடேயா, கதவுக் குழிக்கல்லில் தன் பெயரையே வெட்டி வைத்தார். மரக்கதவு மக்கிப்போச்சு, கல் மட்டும் மியூசியத்தில் இருக்கு. கீலும் பழசுதான், ரோமர்கள் வெண்கலத்தில் செய்தார்கள். ஆனால் அது மலிவாக எல்லா வீட்டுக்கும் வந்தது பட்டறையில் வார்த்தெடுக்க ஆரம்பித்த பிறகுதான். இங்கிலாந்தில் வார்ப்பிரும்புக் கீலுக்குக் காப்புரிமை வாங்கியது 1775-ல்.

கீல் வந்ததும் கதவு லேசா திரும்பிச்சு. வம்பும் அங்கேதான்.

கதவு மாட்டின அச்சு நேர்க்குத்தாக இல்லாமல் சாய்ந்திருந்தால், எங்கே நின்றால் தன் கனம் தாழ்ந்து இருக்குமோ அங்கேதான் கதவு போகும். தண்ணி பள்ளத்துக்குப் போற மாதிரி. பழைய கதவு கனம், அதனால் நகராது என்று நானும் நினைத்தேன். அது தப்பு. கனம் கூடினால் உரசல் கூடும், சாய்வு இழுக்கிற இழுப்பும் அதே அளவுக்குக் கூடும். வித்தியாசம் தடிமனில் இருக்கு. குடுமி ரெண்டு அங்குலம் தடிமன், மரம் கல்லோடு உரசுது. கீலின் ஆணியோ பென்சில் அளவுகூட இல்லை, அதுல எண்ணெய் வேற. குடுமி பொறுத்துக்கொள்ளும் சாய்வில் பத்தில் ஒரு பங்கைக்கூட கீல் பொறுக்காது.

எங்கள் மண்ணோ கரிசல். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதோடு சேர்ந்து சுவரும் அசையும். பழைய வீடும் அசைஞ்சுதான் இருக்கும், குடுமி அதைக் காட்டிக்கொடுக்கலை. புதுக் கதவு காட்டிக்கொடுத்தது, அம்மா விரலில்.

ஆசாரி வந்து தூக்குக்குண்டு பிடித்தார். மேலிருந்து கீழே ரெண்டு நூல் சாய்வு. "நிலையை இப்ப தொட வேண்டாம், கோடையில மண்ணு திரும்பவும் மாறும்" என்றார். நடுக்கீலின் ஆணியை உருவி, கல்லில் வைத்து நடுவில் ஒரு தட்டு, மயிரிழை வளைவு. திரும்ப அடித்து இறக்கினார். அவ்வளவுதான். இப்போ கதவு விட்ட இடத்தில் நிற்குது. குடுமியில் இருந்த உரசலைத்தான் கீலுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அம்மா மட்டும் இன்னும் புது ரூமுக்கு வரலை.

காரைக்குடிப் பக்கம் பழைய கதவு வாங்கி உங்க பிளாட்டில் மாட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குடுமியை அறுத்துவிட்டு கீல் அடிக்காதீர்கள். கதவோடு அந்தக் குழிக்கல்லையும் கேட்டு வாங்குங்கள். கதவை நிற்க வைத்தது அதுதான்.