பிவண்டி: நிகழாமற்போன ஒரு கலவரம்

பம்பாய்க் கலவரம் என்றதும் நம்மில் பலருக்கு 1995-இல் வெளிவந்த மணிரத்னத்தின் திரைப்படமே நினைவில் எழுகிறது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அந்நகரில் 900 பேர் மாண்டதாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. அதே நாட்களில், பம்பாய்க்கு மிக அருகே, தானே மாவட்டத்துப் பிவண்டி அமைதியாக இருந்தது.

இதன் அருமையை உணர அந்த ஊரின் பழங்கணக்கைப் பார்க்க வேண்டும். பிவண்டி விசைத்தறிகளின் ஊர். உத்தரப் பிரதேசத்து முஸ்லிம்களும் தெலுங்குப் பத்மசாலிகளும் பிழைக்க வந்து நெருக்கியடித்து வாழ்ந்த ஊர். 1970-இல் சிவாஜி ஜெயந்தி ஊர்வலத்தையொட்டிப் பற்றிய தீயை மதான் ஆணையம் விரிவாகப் பதிவு செய்தது. 1984-இல் மீண்டும் எரிந்தது. டிசம்பர் 6-க்குப் பின் முதலில் பற்றக்கூடிய ஊர் எதுவென்று கேட்டிருந்தால் பிவண்டியைத்தான் சுட்டியிருப்பார்கள்.

1988-இல் அங்கே துணை ஆணையராக வந்த சுரேஷ் கோபடே பேட்டைதோறும் 'மொஹல்லா கமிட்டி'களை அமைத்தார், சுமார் எழுபது. சமாதானக் குழுக்கள் முன்பும் இருந்தன. ஊர்ப் பிரமுகர்கள் கலவரத்துக்குப் பின் கூடி, தேநீர் அருந்திக் கலைவார்கள். (நம் ஊர்களிலும் பார்த்ததுதான்.) கோபடேயின் குழுக்களில் சாதாரண மக்கள், இந்துக்களும் முஸ்லிம்களும் சம அளவில், காவலரோடு உட்கார்ந்தனர். ஊர் அமைதியாக இருக்கும்போதே கூடினர் என்பதுதான் முக்கியம். மத நல்லிணக்கம் பற்றிப் பிரசங்கம் செய்வதைக் காட்டிலும் அண்டை வீட்டுச் சச்சரவைப் பேசித் தீர்ப்பது பயன்தரும் என்பது நம் எண்ணம். வதந்தி வரும் வேளையில், விசாரிக்க எதிர்த்தரப்பில் தெரிந்த முகம் ஒன்று இருக்கும். அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணே 2002-இல் வெளியான தம் நூலில் இந்த அனுபவத்தை ஆராய்ந்திருக்கிறார்.

பம்பாய் எரிந்து முடிந்த பிறகே இப்பாடத்தைக் கற்றது. 1994-இல் முன்னாள் ஆணையர் ஜூலியோ ரிபெய்ரோவும் அப்போதைய ஆணையர் சதீஷ் சஹானியும் சமூக ஊழியர்களுடன் அங்கே மொஹல்லா கமிட்டி இயக்கத்தைத் தொடங்கினர். காவலரும் பேட்டை இளைஞரும் கிரிக்கெட் ஆடினர். தமிழர் நிறைந்த தாராவியில் பாவு கோர்டேயும் வகார் கானும் செய்த பணியை, அஞ்சலி மொன்டேரோ, கே.பி. ஜெயசங்கர் ஆகியோரின் 'நாதா' (2003) ஆவணப்படம் காட்டுகிறது.

எரிந்த பிவண்டிக்கு ஆணைய அறிக்கை உண்டு. எரியாத பிவண்டிக்கு அப்படியொன்று இல்லை. யார் யார் அன்று தம் தெருமுனையில் நின்றார்கள் என்பதை எந்த அரசும் எழுதி வைக்கவில்லை.

அதிகாரி ஒருவரின் முனைப்பில் பிறந்த அமைப்பு அவருடைய இடமாற்றத்துக்குப் பின்னும் அதே வலுவுடன் நிற்குமா என்ற ஐயம் நமக்கு உண்டு. 2006 ஜூலையில் அதே பிவண்டியில் இடுகாட்டருகே காவல் நிலையம் கட்டுவது குறித்து மோதல் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். காவலர் இருவரைக் கும்பல் கொன்றது.