உடம்புக்குள் ஒரு கம்பியில்லாத் தந்தி

மலருக்குக் கட்டுரை கேட்டால் இவன் பாய்லரைப் பற்றியோ பம்பைப் பற்றியோதான் எழுதுவான் என்று எங்கள் செட் நண்பர்கள் நினைத்திருப்பார்கள். இன்ஜினியருக்கும் ஹார்மோனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். செய்தி அனுப்புவதும், அளவைக் கட்டுக்குள் வைப்பதும் நம்ம சப்ஜெக்ட்தானே!

1901 டிசம்பரில், அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த கம்பியில்லாத் தந்தியைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். அடுத்த மாதமே லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இரண்டு பேர், நம் உடம்புக்குள்ளும் கம்பி இல்லாமல் செய்தி போகிறது என்று காட்டிவிட்டார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கம்பியை அறுத்துப் பார்த்தார்கள்

இரைப்பையில் அமிலத்தோடு கலந்த உணவு சிறுகுடலுக்குள் இறங்கியதும், கணையம் ஜீரண நீரைச் சுரக்கிறது. உணவு வந்த சேதியைக் கணையத்துக்கு யார் சொன்னது? நரம்புதான் என்றார்கள் ரஷ்யாவில் பாவ்லோவும் அவருடைய மாணவர்களும். பாவ்லோவ் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஜீரண ஆராய்ச்சிக்காகவே 1904-இல் நோபல் பரிசு பெற்றவர்.

லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பேலிஸ் மணந்தது ஸ்டார்லிங்கின் சகோதரியை. ஆக, இது மாமன் மச்சான் கூட்டணி! 1902 ஜனவரி 16 அன்று, மயக்க மருந்து கொடுத்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு பக்கமும் கட்டி, அதற்குப் போகும் நரம்புகளை வெட்டினார்கள். ரத்தக் குழாய்களை மட்டும் விட்டுவைத்தார்கள். பிறகு அந்தப் பகுதிக்குள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டார்கள். கம்பி அறுந்தால் மணி அடிக்கக் கூடாது அல்லவா? ஆனால் கணையம் சுரந்தது!

அத்தோடு அவர்கள் நிற்கவில்லை. குடலின் உட்புறத்தைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, ரத்தத்தில் ஏற்றினார்கள். மறுபடியும் கணையம் சுரந்தது. சேதி ரத்தத்தின் வழியாகப் போகிறது என்பது உறுதியாயிற்று. அந்தப் பொருளுக்கு செக்ரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். பாவ்லோவின் ஆய்வுக்கூடத்திலும் இதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். முடிவைக் கண்ட பாவ்லோவ், லண்டன்காரர்கள் சொல்வது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். பெரிய மனசு!

இப்படிப்பட்ட தூதுப் பொருள்களுக்கு 1905-இல் ஸ்டார்லிங் பொதுப் பெயராக 'ஹார்மோன்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 'தூண்டிவிடுதல்' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. தைராய்டு, பிட்யூட்டரி போன்ற நாளமில்லாச் சுரப்பிகள் செய்வதும் இதே வேலைதான். ஹார்மோன் ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றினாலும், அதற்கான ஏற்பி உள்ள செல் மட்டுமே பதில் சொல்லும். வானொலி அலை ஊர் முழுக்கப் பரவினாலும், அந்த ஸ்டேஷனுக்கு டியூன் செய்த ரேடியோதானே பாடும்!

டொரண்டோவில் 12 நாட்கள்

கணையத்தை எடுத்துவிட்டால் நாய்க்குச் சர்க்கரை நோய் வருகிறது என்று 1889-லேயே மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் கண்டிருந்தார்கள். அப்படியானால் கணையமும் ரத்தத்தில் ஏதோ சேதி அனுப்பத்தான் வேண்டும். பலர் தேடியும் அது கைக்குச் சிக்கவில்லை. 1921 கோடையில், கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மெக்லியோட் கொடுத்த ஆய்வுக்கூடத்தில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் வேலையைத் தொடங்கினார்கள். பாண்டிங்குக்கு வயது 29, பெஸ்ட்டுக்கு 22. நம் மாணவர்கள் கவனிக்கவும்!

1922 ஜனவரி 11 அன்று, சாகும் தறுவாயில் இருந்த 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியது. ஊசி போட்ட இடத்தில் சீழ் பிடித்தது. மருந்தில் அழுக்கு அதிகம். கொலிப் என்ற உயிர்வேதியியல் நிபுணர் இரவு பகலாக உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்தார். ஜனவரி 23 அன்று மறுபடியும் போட்டார்கள். ஒரே நாளில் ரத்தச் சர்க்கரை 520-லிருந்து 120-க்கு இறங்கியது. அந்தப் பையன் அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

1923-இல் பாண்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பாண்டிங் தன் பணத்தில் பாதியை பெஸ்ட்டுக்கும், மெக்லியோட் கொலிப்புக்கும் கொடுத்தார்கள்.

அறுந்துபோன ஃப்ளோட் வால்வு

மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்தால் மிதவை எழும்பி வால்வை மூடும், இறங்கினால் திறக்கும். அதே மாதிரிதான், சாப்பிட்டுச் சர்க்கரை ஏறினால் இன்சுலின் சுரந்து அதை இறக்கும். ரொம்ப இறங்கினால், அதே கணையத்திலிருந்து குளுக்ககான் சுரந்து ஏற்றும். யாரும் பார்க்காமலே ராப்பகலாக நடக்கிற ஆட்டோமேட்டிக் கன்ட்ரோல் இது.

என் அக்கா மகனுக்கு ஒன்பது வயதில் இந்த வால்வு அறுந்துபோனது. அன்றிலிருந்து அக்காதான் அவனுக்குக் கன்ட்ரோல் சிஸ்டம். விரலில் குத்திப் பார்த்து, இட்லியை எண்ணி, யூனிட் கணக்குப் போட்டு, நடுராத்திரி எழுந்து மறுபடியும் பார்ப்பாள். இரண்டு இட்லி கூடினாலும் கவலை, ஊசி போட்டபின் சாப்பிடாமல் தூங்கிவிட்டாலும் கவலை. ஒரு கணையம் சத்தமில்லாமல் செய்கிற வேலைக்கு ஒரு தாயின் முழுக் கவனமும் தேவைப்படுகிறது. பையன் இப்போது பிளஸ் டூ படிக்கிறான், ஸ்கூல் டீமில் கிரிக்கெட்டும் ஆடுகிறான். 1921-இல் அவன் பிழைத்திருக்க முடியாது.

மாணவத் தம்பி தங்கைகளே, பெரியவர்கள் சொன்னதை மதியுங்கள். ஆனால் கம்பியை ஒருமுறை அறுத்துப் பார்த்துவிடுங்கள். முதல் ஊசியில் சீழ் பிடித்தால் ஓடிவிடாதீர்கள். அடுத்த 12 நாள் உட்கார்ந்து சுத்தம் செய்கிற ஆளும் கண்டுபிடிப்பாளர்தான்.