பழைய லாரியில் மின்சார ஹாரன்

ரப்பர் பந்தை அமுக்கி ஒலிக்கும் பாம் ஹாரனே மோட்டார் வண்டிகளில் முதலில் இருந்தது. 1908இல் மில்லர் ரீஸ் ஹட்சிசனின் கிளாக்சன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபின் மின்சார ஹாரன் பரவியது. பிற்கால ஹாரன்களில் மின்காந்தம் மெல்லிய தகட்டை இழுக்கும், உடனே தொடுமுனை விலகி மின்சாரம் அறும், தகடு திரும்பும். இது நொடிக்குப் பல நூறு முறை நடப்பதே ஒலி.

6இலிருந்து 12 வோல்ட்

அமெரிக்க டாட்ஜ், பார்கோ லாரிகளைப் பம்பாயின் பிரீமியர் நிறுவனம் இங்கே பூட்டி விற்றது. 1950களின் நடுப்பகுதி வரை இவ்வகை லாரிகளில் 6 வோல்ட் பேட்டரியே வழக்கம். இன்று அவற்றைப் புதுப்பிப்போர் 12 வோல்ட்டுக்கு மாற்றுகின்றனர்.

பழைய ஹாரன் 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம்: 60 வாட். நேரடியாக 12 வோல்ட் தந்தால் ஏறத்தாழ 20 ஆம்பியர், 240 வாட். வெப்பம் நான்கு மடங்கு. எனவே 0.6 ஓம் மின்தடையைத் தொடராக இணைக்க வேண்டும். அதுவும் 60 வாட் வெப்பத்தைத் தாங்க வேண்டும். ரிலே வைத்தால் ஸ்டீயரிங் பொத்தானின் பழைய ஒயரில் சுமை குறையும். பேட்டரி அருகே பியூஸ் அவசியம்.

பட்டாசு வட்டாரத்தில்

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் பல்குரல் ஹாரனைத் தடுக்கின்றன. ஒலியைவிட ஒயர் முக்கியம். 2021 பிப்ரவரி 12 பட்டாசு ஆலை வெடிவிபத்தில் பல உயிர்களை இழந்த ஊர் அச்சங்குளம். அப்பகுதிச் சாலைகளில் ஓடும் வண்டியில் உரிந்த ஒயர் ஒன்றுகூட இருக்கலாகாது.