மாணவர் பயணமும் சமுதாய அபிவிருத்தியும்: ஒரு வரலாற்று நோக்கு

1

சமூகப் பணி பயிலும் மாணவர் குழுவொன்று பிறநாட்டுக்குச் சென்று, அந்நாட்டு மாணவரோடு சேர்ந்து இரண்டு மூன்று வாரங்கள் கிராமங்களிலும் நகரச் சேரிகளிலும் பழகி, சமுதாய அபிவிருத்தியைக் கற்றுத் திரும்புவது இன்று பல பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தில் இடம்பெறும் நடைமுறையாகும். இதனை உலக சகோதரத்துவத்தின் வெளிப்பாடு எனப் பாராட்டுவாருமுளர். கல்வியின் பெயரால் நடைபெறும் உல்லாசப் பயணம் எனப் பழிப்பாருமுளர். இவ்விரு நிலைப்பாடுகளும் பயணம் செய்வோரின் எண்ணத்தை மட்டுமே அளவுகோலாகக் கொள்வன. இப்பயணத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. யார் யாரிடம் சென்றனர், அங்கு எதனைக் கண்டனர், கண்டதைக் கொண்டு தத்தம் நாட்டில் யாது செய்தனர் என்னும் மூன்று வினாக்களை அவ்வரலாற்றிடம் எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

1884ஆம் ஆண்டு கிழக்கு இலண்டனின் வைற்சப்பல் பகுதியில் சாமுவேல் பார்னெற் என்னும் பாதிரியார் ரொயின்பி மண்டபத்தை நிறுவினார். ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோர் வறிய உழைப்பாளர் நடுவே வந்து வதிந்து, அவர்களோடு பழகிக் கற்பிப்பதும் கற்பதுமே அதன் திட்டம். கைத்தொழிற் புரட்சியினால் ஒன்றையொன்று அறியாதவையாகிவிட்ட இரு வர்க்கங்களை நட்பினாற் பிணைத்துவிடலாம் என்னும் நம்பிக்கை அதன் அடித்தளமாக அமைந்தது. 1888இல் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜேன் அடம்ஸ் அங்கு வந்து அதன் பணியை நேரிற் கண்டார். மறு ஆண்டே தம் தோழி எலன் கேற்ஸ் ஸ்ராருடன் சிக்காகோவில் ஹல் இல்லத்தைத் தொடங்கினார். சமூகப் பணியின் வரலாற்றில் மிகப் பெரும் விளைவை ஏற்படுத்திய குறுகிய வெளிநாட்டுப் பயணம் இதுவே எனலாம்.

ரொயின்பி மண்டபத்தின் சூழலில் அவ்வாண்டுகளில் வேறொரு கல்வியும் நடைபெற்றுக்கொண்டிருந்தமை ஈண்டு மனங்கொளத்தக்கது. அடம்ஸ் வந்த அதே 1888இல் பிறயன்ற் அன்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1889இல் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கோரிப் போராடி வென்றனர். அவர்களை ஒன்றுசேர்த்தது மேல்வர்க்க மாணவரின் நட்பன்று. தமது கூலி பற்றிய பொது உணர்வே அவர்களை ஒருங்கிணைத்தது.

ஹல் இல்லம் ரொயின்பி மண்டபத்தின் வெறும் நகலாக அமையாமைக்குப் புளோரன்ஸ் கெலி முக்கிய காரணராவார். சூரிச் பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்திற் சோசலிசவாதியாகிய இவர், இங்கிலாந்தின் உழைக்கும் வர்க்க நிலை பற்றி எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அம்மொழிபெயர்ப்பு 1887இல் நியூயோர்க்கில் வெளிவந்தது. 1891இன் இறுதியில் ஹல் இல்லத்துக்கு வந்த கெலி, சுற்றியுள்ள தெருக்களில் வீடு வீடாகச் சென்று தகவல் திரட்டும் பணியை வழிநடத்தினார். அதன் பயனாக 1895இல் வெளிவந்த வரைபடங்களில் ஒவ்வொரு வீட்டாரின் தேசிய இனமும் வாராந்த வருமானமும் தனித்தனி நிறங்களாற் குறிக்கப்பட்டன. வறுமை என்பது தனிமனிதரின் ஒழுக்கக் குறைபாடு என்னும் கருத்து அவ்வரைபடங்களின் முன் நிற்கமாட்டாது போயிற்று.

1893இல் இல்லினோய் மாநிலத்திற் பெண்களுக்கு எட்டு மணிநேர வேலைநாளை விதித்த தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறிற்று. அதனை நடைமுறைப்படுத்தும் தலைமைப் பரிசோதகராகக் கெலியை நியமித்த ஆளுநர் ஓல்ற்கெல்ட்டே, அவ்வாண்டில் ஹேமார்க்கற் வழக்கிற் சிறையிலிருந்த எஞ்சிய தொழிலாளர் தலைவர்களையும் விடுவித்தவர். 1895இல் மாநில உயர் நீதிமன்றம் எட்டு மணிநேர விதியைச் செல்லுபடியற்றதாக்கியது. சமூகப் பணியாளர் செல்லக்கூடிய எல்லை எது என்பதை முதலாளித்துவ அரசு அத்தீர்ப்பின் மூலம் சுட்டிக்காட்டிற்று. எனினும் ஒரு பயணத்தின் பயன் சட்டத்துக்கான போராட்டம்வரை சென்றமை இவ்வரலாற்றின் சிறப்பாகும்.

3

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தகைய பயணம் நிறுவன வடிவம் பெற்றது. 1908இல் பேர்ளினில் பெண்களுக்கான சமூகப் பணிக் கல்லூரியொன்றை அமைத்த அலிஸ் சலமன், ஜேன் அடம்ஸுடன் நட்புக் கொண்டவர். 1928இல் பாரிஸில் கூடிய முதலாவது சர்வதேச சமூகப் பணி மாநாட்டை அடுத்து, 1929இல் சமூகப் பணிக் கல்லூரிகளின் சர்வதேசக் குழு சலமனின் தலைமையில் உருவாயிற்று. யூதப் பிறப்பினரான அவரை 1937இல் நாசி அரசு நாடு கடத்தியது. எல்லைகளைக் கடந்த கல்வி அரசியலுக்கு அப்பாற்பட்டது என்னும் எண்ணத்துக்கு இந்நிகழ்ச்சியே போதிய மறுப்பாகும்.

ஆசியாவுக்கு இக்கல்வி வந்த பாதையும் இத்தொடர்பிலேயே நோக்கற்பாலது. சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் பயின்ற கிளிவர்ட் மான்ஷாட் என்னும் அமெரிக்க மிசனரி, பம்பாயின் நாக்பாடா பகுதியில் அயலவர் இல்லமொன்றை நடத்தினார். அவரையே முதற் பணிப்பாளராகக் கொண்டு 1936இல் சேர் டொராப்ஜி ராட்டா சமூகப் பணிக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1944இல் அது ராட்டா சமூக விஞ்ஞான நிறுவனம் எனப் பெயர் மாறியது. இவ்வாறு இலண்டன், சிக்காகோ, பம்பாய் என்னும் மூன்று நகரங்களின் ஆலைச் சேரிகள் ஒரே கல்விமுறையின் படிகளாயின. இங்கும் முன்னைய முரண்பாடே மீண்டும் தோன்றுகின்றது. 1928இல் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பம்பாய் நெசவாலைத் தொழிலாளர் ஆறு மாத காலம் வேலைநிறுத்தம் செய்து தமது சங்கத்தைக் கட்டியெழுப்பினர். எட்டாண்டுகளின் பின்னர் அந்நகரிலேயே, கைத்தொழில் மூலதனத்தின் அறநிதியிலிருந்து, சமூகப் பணிக் கல்லூரி பிறந்தது. இதனைச் சதி எனக் கொள்வது கொச்சைப்படுத்தலாகும். உழைப்பாளரின் வாழ்வு ஒரு பிரச்சினை என்பதை அவர்களது போராட்டமே ஏனையோருக்கு உணர்த்திற்று என்பதே பொருந்தும்.

மான்ஷாட்டின் பின் அக்கல்லூரியின் பணிப்பாளரான ஜே. எம். குமரப்பாவும், காந்தியப் பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பாவும் தமிழகத்துச் சகோதரர்கள். இருவருமே ஐக்கிய அமெரிக்காவிற் பயின்றவர்கள். இளையவரான ஜே. சி. குமரப்பா கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இந்திய வறுமைக்கும் அரச நிதிமுறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து நாடு திரும்பினார். பின்னர் குஜராத் வித்யாபீட மாணவரை அழைத்துக்கொண்டு மாதர் தாலுகாவின் கிராமங்களுக்குச் சென்று ஆய்வு செய்து, அதன் முடிவுகளை 1931இல் வெளியிட்டார். காந்தியத்தின் வர்க்க சமரசக் கோட்பாட்டை ஏற்காதோரும் இவ்வாய்வின் முறையியலை ஏற்பர். வெளிநாட்டிற் பெற்ற கல்வி, நிலவரிச் சுமையைக் கணக்கிடும் கருவியாக இங்கு மாற்றம் பெற்றுள்ளது.

4

‘சமுதாய அபிவிருத்தி’ என்னும் தொடர் உலக வழக்குக்கு வந்தமை வேறொரு வரலாற்றுக் கட்டத்தைச் சார்ந்தது. 1948இல் கேம்பிறிட்ஜில் நடைபெற்ற ஆபிரிக்க நிர்வாகம் பற்றிய பிரித்தானியக் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் கோடைகால மாநாடு, அதுவரை வழங்கிய ‘வெகுசனக் கல்வி’ என்பதற்குப் பதிலாக இத்தொடரை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு பெப்ரவரியில் அக்ராவில் முன்னாட் படைவீரரின் ஊர்வலத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது; ஜூனில் மலாயாவில் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அதே ஆண்டிலேயே இந்தியாவின் எற்றாவாவில் அல்பேட் மேயரின் முன்னோடிக் கிராமத் திட்டமும் தொடங்கியது. தெலுங்கானாவில் உழவரின் ஆயுதப் போராட்டம் அப்பொழுது நடந்துகொண்டிருந்தது. 1952 ஒக்டோபர் 2ஆம் திகதி இந்தியாவில் 55 சமுதாய அபிவிருத்தித் திட்டங்கள் அமெரிக்க உதவியோடு ஆரம்பமாயின. சீனப் புரட்சி ஏனைய நாடுகளின் உழவரையும் ஈர்க்கும் என்னும் அச்சம் இவ்வுதவியின் பின்னணியில் இருந்தமையை அன்றைய அமெரிக்கத் தூதுவர் செஸ்ரர் போல்ஸ் மறைக்கவில்லை.

மாணவர் பரிமாற்றமும் இக்கட்டத்திலேயே அரச திட்டமாகியது. 1946இல் நிறைவேறிய புல்பிறைற் சட்டம், போரில் எஞ்சிய அமெரிக்கத் தளபாடங்களைப் பிறநாடுகளில் விற்றுக் கிடைத்த பணத்தைப் பரிமாற்றத்துக்கு ஒதுக்கியது. அத்திட்டம் 1950இல் இந்தியாவுக்கும் 1952இல் இலங்கைக்கும் விரிந்தது. கல்வியின் பொருளாதார அடித்தளத்தை இதனிலும் வெளிப்படையாகக் காண்பது அரிது.

‘சமுதாயம்’ என்னும் சொல்லின் பொருள் வரலாறும் இங்கு ஆராயத்தக்கது. தஞ்சாவூர்ப் பகுதியில் மிராசுதாரர் பலர் கிராம நிலத்தைப் பொதுவில் வைத்திருந்து, காலத்துக்குக் காலம் பங்கிட்டுக்கொண்ட முறையும் சமுதாயம் எனவே வழங்கிற்று. அச்சமுதாயத்தில் நிலத்தை உழுத பண்ணையாளுக்குப் பங்கில்லை. எல்லோருக்கும் பொது என்னும் பொருள் தரும் சொல்லே உழைப்பவனைப் புறத்தே நிறுத்தியது. இருபதாம் நூற்றாண்டின் சமுதாய அபிவிருத்தியும் கிராமத்தை ஒருமித்த நலனுடைய ஓரலகாகக் கருதியது. ஆகவே நல்விதையும் கடனும் வீதியும் நிலமுடையோரையே முதலிற் சென்றடைந்தன. கிராமத்தை ஒரு குடும்பமாகக் கண்டு திரும்பும் மாணவர், அக்குடும்பத்தில் யார் முற்றத்துக்கு வெளியே நிற்கின்றனர் என்பதைக் காணத் தவறுவது இக்கருத்துநிலையின் விளைவேயாகும்.

5

இப்பயணத்தின்மீதான கடும் விமர்சனம் 1968 ஏப்ரலில் மெக்சிக்கோவின் குவர்னவாக்காவில் எழுந்தது. கோடை விடுமுறையில் மெக்சிக்கக் கிராமங்களில் தொண்டாற்ற வந்த மாணவரின் மாநாட்டிலே இவான் இலிச் உரையாற்றினார். கிராமத்தவரோடு உரையாடுவதற்கு வேண்டிய பொது மொழியோ பொது வாழ்வோ அம்மாணவர்க்கு இல்லை என்றும், அவர்கள் கற்பதற்கு வரலாமேயன்றி உதவுவதற்கு வரலாகாது என்றும் அவர் வாதிட்டார். இவ்வுரை இன்றும் சமூகப் பணி வகுப்புகளிற் படிக்கப்படுகின்றது.

இலிச்சின் விமர்சனம் கூர்மையானதெனினும் முழுமையானதன்று. மாணவர் வராமலிருப்பதனால் அக்கிராமத்தின் வறுமைக்கும் வடபுல நாட்டின் செல்வத்துக்குமுள்ள தொடர்பு அறுந்துவிடாது. அமெரிக்க மாணவர் தம் வீட்டில் இருந்தாலும் மெக்சிக்க உழவரின் உழைப்பு அவரது உணவு மேசையை வந்தடைகின்றது. அத்தொடர்பை அறிவதே கற்றல் எனின், அதற்கு இரு முனைகளையும் நேரிற் காண்பது பயனுடையதே. 1965 முதல் இலத்தீன் அமெரிக்கச் சமூகப் பணியாளரிடையே வளர்ந்த மறுகருத்தாக்க இயக்கம் இத்திசையிலேயே சென்றது. வடக்கிலிருந்து வந்த பாடநூல்களைத் தம் மக்களின் நிலைமைக்கேற்ப அவ்வியக்கம் கேள்விக்குள்ளாக்கியது. பிரேசிலின் 1964 இராணுவப் புரட்சியை அடுத்துச் சிலியில் அகதியாக வாழ்ந்த பாவ்லோ பிறெய்றேயின் கல்விக் கருத்துகள் அதற்கு உரமூட்டின. 1973இல் சிலியின் மக்கள் அரசு கவிழ்க்கப்பட்டபோது அவ்வியக்கமும் ஒடுக்குமுறைக்கு உள்ளாயிற்று.

6

இலங்கை நிலைமையை நோக்குவோம். 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரோடு கனத்தொலுவ என்னும் ரொடியா சாதியினரின் கிராமத்திற் சிரமதான முகாம் நடத்தினார். சர்வோதய இயக்கத்தின் தொடக்கம் அதுவே. கடல் கடவாத பயணமாயினும், சாதியின் எல்லையைக் கடந்தமையால் அம்மாணவருக்கு அது பிறநாட்டுப் பயணத்தினும் தூரமானதே. தீண்டத்தகாதோர் எனப்பட்டோரின் குடிசையருகே மண்வெட்டியுடன் நின்றமை சிறிய செயலன்று. ஆயினும், கூட்டு உழைப்பு நிலவுடைமையைத் தொடாதவரை, வெட்டப்பட்ட வீதி யாருடைய வயலுக்குச் செல்கின்றது என்னும் வினா எஞ்சியே நிற்கும். பிற்காலத்தில் உலகின் பல பாகங்களிலிருந்தும் சர்வோதயத்தைக் காண வந்த மாணவர் இவ்வினாவையும் எழுப்பவேண்டியவராயினர்.

மலையகம் இதனினும் தெளிவான சான்றாகும். சமுதாய அபிவிருத்தி என்னும் தொடர் கேம்பிறிட்ஜில் ஏற்கப்பட்ட அதே 1948இலேதான் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பின்னர் பிரசாவுரிமை பெற்றபோதும் உள்ளூராட்சியின் பயன் அவர்களைச் சேரவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளின் வசதிகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாகப் பொருள்கொள்ளப்பட்டது. அவர்கள் சபைக்கு வாக்களித்தனர். அச்சபையோ அவர்களது வீதியைச் செப்பனிட இயலாதிருந்தது. 2018இலேயே அப்பிரிவு திருத்தப்பட்டது. இக்காலத்தில் லயன் அறைகளைப் பார்வையிட வந்த வெளிநாட்டு மாணவர் புகைக்கரி படிந்த சுவரையும் பிள்ளைக் காப்பகத்தையும் கண்டிருப்பர். அவ்விரண்டுக்கும் காரணமான சட்டப் பிரிவு கண்ணுக்குப் புலப்படுவதன்று. அதனை ஏட்டிற் படித்தும், தொழிலாளரிடம் கேட்டும், தேயிலையின் விலை கொழும்பு ஏலத்திலிருந்து இலண்டன் கடைவரை உயரும் கணக்கைப் பின்தொடர்ந்துமே அறியமுடியும்.

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். குறுகிய காலப் பயணம் பயனற்றதென வரலாறு கூறவில்லை. அடம்ஸின் இலண்டன் வருகையும் குறுகியதே. பயணத்துக்கு முன்னர் எழுப்பிய வினாவும், திரும்பிய பின்னர் சேர்ந்துகொண்ட போராட்டமுமே அதன் பயனைத் தீர்மானித்தன. ஆகவே இன்று இலங்கைக்கு வரும் மாணவரும், இங்கிருந்து செல்லும் நம் மாணவரும் மூன்றினை வற்புறுத்தவேண்டும். முதலாவது, கிராமத்தின் நிலம், கூலி, கடன், சாதி ஆகியவற்றின் கணக்கு ஆய்வின் பகுதியாதல் வேண்டும். இரண்டாவது, வருகை தரும் குழுவின் நாட்டிலும் அதே காலத்துக்குக் கூட்டாய்வு நடைபெறுதல் வேண்டும். நுவரெலியாவின் லயனைப் பார்த்தவரோடு நம் மாணவர் சென்று அந்நாட்டு நகரின் அகதிக் குடியிருப்பையும் பொதிசெய்யும் தொழிற்சாலையையும் காணல் வேண்டும். மூன்றாவது, திரட்டிய தகவல் ஆய்வுக்குள்ளான மக்களின் மொழியில், அவர்களது சங்கங்களின் கையிற் சேர்தல் வேண்டும். 1895இன் சிக்காகோ வரைபடங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே வெளிவந்தன. அத்தெருக்களில் வாழ்ந்தோருட் பலர் அவற்றைப் படிக்க இயலாதிருந்தனர். அக்குறையை நீக்குவதற்கு மலைநாட்டின் அருகே தமிழில் ஆய்வு நடத்தும் நம் போன்றோருக்கு வாய்ப்பும் பொறுப்பும் மிகுதியாக உண்டு.