மடியில் சொளகு, தலையில் அருவி

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில், எண்ணெய்த் தலையோடு பேரருவிக்கு முண்டியடிக்கும் கூட்டத்துக்குள்ளே, யாரோ ஒருத்தரை இரண்டு பக்கமும் பிடித்தபடி வரும் குடும்பங்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அருவித் தண்ணி தலையில விழுந்தா புத்தி தெளியும் என்பது தென்காசிப் பக்கத்து நம்பிக்கை. தெருச்சண்டை முற்றினால் 'ஒன்னயக் குற்றாலத்துலதான் கொண்டு நிறுத்தணும்' என்பார்கள்.

ஆச்சியோடு பெண்கள் பக்கம் குளிக்கப் போன வயது எனக்கு. இருபது வயசு மதிக்கத்தக்க ஒருத்தி அலறிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அவள் பிடரியில் கையை வைத்துக்கொண்டு, அருவிக்குள்ளேயே கூட நின்றாள். 'அது அவ அம்மையா ஆச்சி?' என்று கேட்டேன். 'அம்மை இல்லலே, தூக்கி வளத்தவ' என்றாள் ஆச்சி.

தூக்கி வளர்த்தவள் என்னும் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு உளச்சிகிச்சையின் வரலாற்றைத் திருப்பி வாசிக்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

உளப்பகுப்பாய்வின் அடிப்படை எளிமையானது. குழந்தைப் பருவத்தில் நம்மை வளர்த்தவர்களோடு கொண்ட பாசமும் பயமும் கோபமும் நினைவிலிருந்து மறைந்தாலும் நனவிலியில் மறைவதில்லை. சிகிச்சை அறையில் அவை மருத்துவர்மேல் ஏறிக்கொள்கின்றன. 1905இல் வெளியான டோரா என்னும் பெண்ணின் சிகிச்சை வரலாற்றில், இந்த ஏற்றத்தைக் காலத்தே கவனிக்கத் தவறியதை ஃப்ராய்ட் தாமே ஒத்துக்கொள்கிறார். பழைய உறவு இப்படித் திரும்பி வருவது சிகிச்சைக்குத் தடை மட்டுமல்ல, சிகிச்சையே அதன் வழியாகத்தான் நடக்கிறது என்ற நிலைப்பாடு பிறகு உறுதிப்பட்டது.

சரி, திரும்பி வருவது எந்த உறவு? அப்பா, அம்மா என்கிறது ஏட்டிலுள்ள பதில். ஆனால் 1897 அக்டோபரில் நண்பர் ஃப்ளீஸுக்கு ஃப்ராய்ட் எழுதிய கடிதங்கள் வேறு கதையைச் சொல்கின்றன. அக்டோபர் 3, 4 தேதிகளில், தம்மை வளர்த்த தாதியைப் பற்றியே அவர் எழுதுகிறார். கடவுளையும் நரகத்தையும் சொல்லிக் கொடுத்த வயதான வேலைக்காரி அவள். அக்டோபர் 15ஆம் தேதிக் கடிதத்தில், அவள் திருட்டுக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போன விவரத்தைத் தாயிடம் கேட்டறிந்து எழுதுகிறார். ஈடிபஸ் பற்றிய எண்ணம் முதன்முதலாக வெளிப்படுவதும் அதே கடிதத்தில்தான். கோட்பாட்டுக்குள் தாயும் தந்தையும் நுழைகிறார்கள். தாதி வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டதுபோலவே கோட்பாட்டிலிருந்தும் வெளியேறுகிறாள்.

இது ஒருத்தரோடு முடிந்த சங்கதி இல்லை. பிணைப்புக் கோட்பாட்டை உருவாக்கிய ஜான் பவுல்பி, லண்டன் மேல்தட்டு வீட்டில் பெரும்பாலும் தாதியர் கையில் வளர்ந்தவர். அவருக்கு நெருக்கமான தாதி, அவருக்கு நான்கு வயது நிரம்புமுன்பே வேலையை விட்டுப் போய்விட்டாள். தாயை இழந்ததற்குச் சமமான இழப்பாகவே அதைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஆனால் உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் அவர் எழுதிய அறிக்கையின் தலைப்பில் இருப்பது 'தாயின் பராமரிப்பு'. போர் முடிந்து பெண்களை வேலைத்தலங்களிலிருந்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் அந்த அறிக்கை எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதைப் பெண்ணியவாதிகள் விரிவாகவே பேசியிருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் கேள்வி எழாமல் இல்லை. 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், ஐரோப்பிய ஆண் நோயாளிகளைவிட இந்திய ஆண் நோயாளிகளிடம் பெண்ணாக ஆகும் விருப்பம் எளிதில் வெளிப்படுகிறது என்று 1929இல் ஃப்ராய்டுக்கு எழுதினார். குழந்தைமையின் வரைபடம் எல்லா ஊருக்கும் ஒன்றல்ல என்பதற்கு அது முக்கியமான சாட்சி. இருந்தாலும் போஸின் சிகிச்சை அறைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவின் படித்த மேல்சாதியினர்தான். தமிழ்க் குடும்பமொன்றில் தங்கி ஆராய்ந்த மார்கரெட் ட்ராவிக், 1990இல் வெளியிட்ட நூலில் இன்னொன்றைக் கவனித்தார். தாய் தன் பிள்ளைமீதுள்ள அன்பை வெளிக்காட்டாமல் அடக்குகிறாள், பிள்ளை பல கைகளில் புழங்குகிறது.

ஆனால் அந்தப் பல கைகளைப் பண்பாட்டுப் பெருமையாக மட்டும் பேசிவிட முடியாது. தென்காசியைச் சுற்றியுள்ள பாவூர்ச்சத்திரம், ஆலங்குளம், கடையம் பக்கத்துத் திண்ணைகளைப் பாருங்கள். பீடி சுற்றும் பெண்ணின் மடியில் சொளகு இருக்கிறது. சொளகில் இலையும் தூளும். அம்மா வீட்டில்தான் இருக்கிறாள், மடிதான் காலியாக இல்லை. கைக்குழந்தை எட்டு வயசு அக்காவின் இடுப்பில் இருக்கிறது. கணக்குக்கு எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். தாய் அருகில் இருப்பது, இல்லாமலிருப்பது என்ற பவுல்பியின் இருமைக்குள் இந்தத் திண்ணை அடங்காது. மடியைத் தீர்மானிப்பது தாயின் மனம் மட்டுமல்ல, பீடிக் கம்பெனியின் கூலிவிகிதமும்தான். அந்த அக்காவுக்கு ஒரு குழந்தைப் பருவம் உண்டா என்று எந்தச் சிகிச்சை அறையிலும் யாரும் கேட்டதில்லை.

சிகிச்சை முறையில் உறவை வெளியே நிறுத்தாத முயற்சிகள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. 1950களில் அமிர்தசரசில் வித்யா சாகர், நோயாளிகளோடு குடும்பத்தாரையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரமடித்துத் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957இல் தொடங்கியது. உறவினர் ஒருவர் உடன் தங்குவது அங்கே சிகிச்சையின் பகுதியாயிற்று. மேற்கே மருத்துவர்மேல் ஏற்றிப் பார்க்கப்பட்ட உறவு, இங்கே நிஜ ஆளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

எனவே குடும்பமே மருந்து என்று கொண்டாடலாமா? கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். அவர்களில் பலரைக் கொண்டுவந்து விட்டவர்கள் சொந்தக் குடும்பத்தார். பிடரியில் வைத்த கையும் சங்கிலி போட்ட கையும் ஒரே வீட்டிலிருந்து வந்தவைதாம். காயம் எங்கே உண்டானதோ அங்கேயே நோயாளியைத் திருப்பி ஒப்படைப்பது எப்படிச் சிகிச்சையாகும்?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. நாம் அதிகம் பேசாத இன்னொரு பிரிவும் அதில் உண்டு. வயதுவந்த எவரும் தமக்காகப் பேச ஒருவரை எழுத்து மூலம் நியமித்துக்கொள்ளலாம். அவர் ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. இயக்கத் தோழர்கள் இந்தப் பிரிவைக் கிராமங்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது என் கோரிக்கை. ஃப்ராய்டின் கடிதத்திலிருந்து நழுவிய தாதிக்கும், இடுப்பில் பிள்ளை சுமக்கும் அக்காவுக்கும் கோட்பாடு தராத இடத்தை, வறண்ட சட்டமொழி தன்னையறியாமல் திறந்து வைத்திருக்கிறது.

அருவியில் நின்ற அந்தப் பெண்ணுக்குத் தெளிந்ததா என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் அவளைக் குணப்படுத்தியிருக்கும் என்றும் நான் நம்பவில்லை. அந்த இரைச்சலிலும் பிடரியிலிருந்து எடுக்கப்படாத கை மட்டும் நினைவிருக்கிறது. அதற்கு உரியவளை ஆச்சி ஒரே சொல்லில் அடையாளம் சொன்னாள். நமக்குத்தான் நூறு வருஷமாகியும் அந்தச் சொல் கிடைக்கவில்லை.