தாய்ப்பலகை

கணினிப் பெட்டியைத் திறந்ததும் அகலமாகத் தெரியும் மின்சுற்றுப் பலகைக்குத் தமிழில் தாய்ப்பலகை என்று பெயர். கடைத்தெருவில் மதர்போர்டு, சுருக்கமாகப் போர்டு. ஒற்று மிகும், 'தாய் பலகை' பிழை.

தாய்ப்பத்திரம் என்னும்போது தாய் என்பது மூலம். இங்கே தாங்குபவள். செயலி, நினைவகம், துணை அட்டைகள் எல்லாம் இவள்மேல்தான் அமர்கின்றன. துணைப் பலகைகளுக்கு ஆங்கிலத்தில் மகள் பலகை என்றே பெயருண்டு. 1981-இல் பிசியை வெளியிட்ட ஐபிஎம் தன் கையேட்டில் சிஸ்டம் போர்டு என்றுதான் எழுதியது. உறவுப்பெயரே நிலைத்தது, எனக்கும் அதுவே பிடித்தது. பலகையோ நமக்குப் பழகிய சொல். தகுதியுள்ள புலவருக்கு மட்டும் இடம்தந்ததாம் மதுரைச் சங்கப்பலகை. இந்தப் பலகையும் சாக்கெட்டுக்குப் பொருந்தாத செயலியை ஏற்பதில்லை.

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் பேட்டர்னும் எம்பிராய்டரி டிசைனும் ஏற்றுமதிக் கணக்கும் கணினியில்தான். அங்கே தாய்ப்பலகையின் முதல் எதிரி பஞ்சுத்தூசி. அது விசிறியிலும் ஹீட்சிங்கிலும் அடைந்தால் செயலி சூடேறும். புதிய பலகை மாட்டுமுன் பெட்டியை ஊதித் துடைக்க வேண்டும். பலகையின் அடிப்புறம் பெட்டியின் தகரத்தைத் தொடாதபடி, திருகுத்துளைகளுக்கு நேராகப் பித்தளைத் தாங்கிகளைப் பொருத்த வேண்டும், தொட்டால் ஷார்ட்.

மாட்டியபின் பயோஸ் என்னும் தொடக்க நிரலில் தேதி, நேரம், எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்பதைச் சொல்ல வேண்டும். மின்சாரம் நின்றாலும் கடிகாரத்தை ஓடவைப்பது 3 வோல்ட் பட்டன் செல். அது தீர்ந்தால் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும். கவனிக்காவிட்டால் இன்வாய்ஸிலும் அந்தத் தேதியே விழும்.