'கனொன்': கோலும் பட்டியலும்

இலக்கியத் திறனாய்விலே 'கனொன்' என்னும் சொல் இன்று தாராளமாக வழங்குகின்றது. அளவுகோல், நியதி, ஏற்புடை நூற்றொகுதி என இடத்திற்கேற்ப நாம் அதனைப் பெயர்த்துக்கொள்கிறோம். ஆயின், இப்பொருள்கள் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்த விதம் போதிய கவனத்தைப் பெறவில்லை.

நாணலைக் குறித்த செமித்தியச் சொல்லொன்று கிரேக்கத்திற் புகுந்து, தச்சரும் கொத்தரும் நேர்பார்க்கும் கோலுக்குப் பெயராயிற்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டிலே சிற்பி பொலிகிளெய்ற்றஸ் மனித உடலின் உறுப்பளவுகளை வகுத்துரைத்த தன் நூலுக்கு இப்பெயரையே இட்டான். (அந்நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை என்பது ஒருவகை முரண்நகையே.) இக்கட்டம்வரை கோல் உழைப்பாளியின் கையிலிருந்தது. அதனைக் கொண்டு எவரும் மீண்டும் அளந்து பார்க்கலாம்.

திருச்சபையின் கையிலே நிலைமை மாறிற்று. கி.பி. 325இல் நைசியாவிற் கூடிய சங்கத்தின் 20 விதிகளும் இப்பெயர் பெற்றன. 367இல் அலெக்சாந்திரியா ஆயர் அதனாசியஸ் தமது திருமுகத்தில் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை வரையறுத்து, இவற்றோடு எதுவும் கூட்டவோ குறைக்கவோ கூடாதென்றார். அளக்கும் கருவி அடைக்கப்பட்ட பட்டியலாயிற்று. பட்டியலுக்குப் புறம்பான நூல்கள் பல எகிப்தின் நாக் ஹம்மாதிப் பகுதியிலே சாடியொன்றுக்குள் புதைந்து கிடந்து 1945இலேயே வெளிப்பட்டன. விலக்கப்பட்டவை யாவும் இவ்வாறு தப்பியிருக்க வழியில்லை.

அலெக்சாந்திரியப் புலவோர் தெரிந்தெடுத்த கிரேக்க ஆசிரியர் வரிசையைக் 'கனொன்' என வழங்கியவர் 1768இல் டேவிட் றூங்கன் என்னும் அறிஞரே. பழையோர் அவ்வாறு வழங்கினாரல்லர். சமயப் பட்டியலின் புனிதம் இலக்கியப் பட்டியலுக்கும் இவ்வாறு இரவலாகக் கிடைத்தது. தெரிவு செய்தவரின் சமூகச் சார்பு, தரம் என்ற பெயருக்குள் மறைய இது பெரிதும் உதவிற்று என்பது எமது கருத்து.

தமிழிலும் இதனையொத்த சொற்கள் உள. துலாக்கோலும் செங்கோலும் ஒரே கோலே. 'முறை' என்பது ஒழுங்கையும் நீதியையும் நூலையும் ஒருங்கே குறிக்கும். சைவத் திருமுறைகளைத் தொகுத்தவர் நம்பியாண்டார் நம்பி என்பது மரபு. அவர் இயற்றிய பிரபந்தங்கள் பத்தும் பதினோராந் திருமுறையிலே இடம்பெற்றுள்ளன. பன்னிரண்டாவதாகச் சேக்கிழாரின் பெரியபுராணம் பின்னர் சேர்க்கப்பட்டது. அடைக்கப்பட்டதெனக் கருதப்படும் தொகுதியும் சோழர் காலத்திலே நூலொன்றுக்கு வழிவிட்டிருக்கின்றது.